இலை கொட்டிய மாதங்களில் வாடை இல்லை: தென் கெடாவின் தோட்டப்புற ஊர் ஒன்றின் தண்ணீர்க் கணக்கு

இந்த ஆய்வு மூன்று நோட்டுப் புத்தகங்களை வைத்து எழுதப்படுகிறது. மூன்றும் பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் கோடு போட்ட நோட்டுகள். எழுதியவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் தோட்டத்து ஆபீசில் கிராணியாக (எழுத்தராக) இருந்து செக்ரோல் (ஆள் வருகையும் கூலியும் பதியும் பேரேடு) எழுதிய கை. யார் பிரட்டுக்கு (காலைப் பெயர் அழைப்புக்கு) வந்தார், யார் வரவில்லை, முழுப் பேரா (முழு நாள் கூலி), அரைப் பேரா (அரை நாள் கூலி), எத்தனை கிலோ ரப்பர் பால், என்ன சம்பளம் என்று கட்டம் போட்டே பழகியவனுக்குத் தண்ணீருக்கும் கட்டம் போடத்தான் தோன்றும். தேதி, மணி, அல்லூரின் (ஓடையின்) நிறம், வாடை, மழை, குழாயில் தண்ணீர் என்று ஆறு கட்டங்கள்.

ஊரின் பெயர் வேண்டாம். மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணிக்கும் கோலா கெட்டிலுக்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆலைகளின் பெயரும் தானாக வெளியே வந்துவிடும். இந்தப் பக்கத்தில் இதே கதையைச் சொல்லக்கூடிய ஊர்கள் ஐந்தாறு உண்டு.

இடம்

எங்கள் ஊர் தோட்டத்தால் உண்டானது. வெள்ளைக்காரன் காலத்தில் கித்தா (ரப்பர்) தோட்டம், அதன் வாசலில் நாலு கடை, ஒரு கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி. பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் (தோட்டத்து வரிசை வீடுகள்) காலியாகி ஆள்கள் சாலையோரத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிவந்தார்கள். இன்று தோட்டத்துக்குள் குலை வெட்டுவது பெரும்பாலும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். ஆனால் கித்தா முழுதாகப் போய்விடவில்லை. சுற்றிலும் சிறுதோட்டக்காரர்கள் இன்னும் மரம் சீவுகிறார்கள். அவர்கள் பாலையும் வெளியூரிலிருந்து டாங்கி லாரியில் வரும் பாலையும் கடைந்து செறிவாக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் மறந்துபோனது இதைத்தான்.

லயத்தில் இருந்தவரை தண்ணீர் தோட்டத்தின் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டம், முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்கிறது. தண்ணீர் நின்றால் யாரிடம் போவது என்ற குழப்பமே அப்போது கிடையாது. மண்டோரிடம் (மேற்பார்வையாளரிடம்) சொன்னால் மண்டோர் என்னிடம் சொல்வார், நான் துரையிடம் சொல்வேன். தாமானுக்கு வந்தபின் மீட்டர் வந்தது, பில் வந்தது. போய்க் கேட்கவேண்டிய வாசல்கள் ஏழெட்டாகிவிட்டன.

எங்கள் குழாய்க்கு வருவது மூடா ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த தண்ணீர். எடுப்பிடத்துக்கு மேலே, அதே ஆற்றில் வந்து சேரும் அல்லூர் ஒன்றில் இரண்டு ஆலைகளின் கழிவுநீர் இறங்குகிறது. ஒன்று செம்பனை எண்ணெய் மில், மற்றது மேலே சொன்ன பால் ஆலை. தோட்டத்து ஆள்களுக்கு மூன்றடி வாய்க்காலும் அல்லூர்தான், முப்பதடி ஓடையும் அல்லூர்தான். இது பன்னிரண்டு அடி இருக்கும்.

ஆறு யாருடையது

மூடா ஆறு சுமார் 180 கிலோமீட்டர் நீளம், படுகை 4,200 சதுர கிலோமீட்டர். உலு மூடா காட்டில் பிறந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேர்கிறது. பினாங்கு மாநிலம் தன் கச்சா நீரில் (சுத்திகரிக்குமுன் எடுக்கும் நீரில்) 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஆற்றிலிருந்தே எடுக்கிறது. எடுப்பது லஹார் தியாங்கில், தன் கரையில் நின்றுகொண்டு.

சண்டை இங்கேதான். காடு எங்களுடையது, மரத்தை வெட்டிக் காசு பார்க்காமல் காப்பது நாங்கள், ஆகவே தண்ணீருக்கு விலை கொடு என்கிறது கெடா. எல்லை ஆற்றில் எங்கள் பக்கம் எடுப்பதற்கு யாருக்கும் கட்டணம் கிடையாது என்கிறது பினாங்கு. கெடாவின் மந்திரி பெசார் (மாநில அரசின் தலைவர்) சனுசி முகமது நோர் ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் கேட்டார், பினாங்கு முதலமைச்சர் சாவ் கொன் இயாவ் மறுத்தார். இது இவர்கள் இருவரோடு தொடங்கிய பேச்சல்ல. கெடாவில் 2008-க்குப் பிறகு பாஸ், தேசிய முன்னணி, பக்காத்தான், பெரிக்காத்தான் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்தது, கேட்பு மட்டும் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இதன் பின்னால் பழைய மனத்தாங்கல் வேறு. 1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால் வைத்ததும், 1791, 1800 ஒப்பந்தங்களும், சுல்தானுக்கு ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய டாலர் என்று முடிந்த கணக்கும் இன்றும் மேடையில் எடுத்துப் பேசப்படுகின்றன. 2023 ஆகஸ்ட் 12 சட்டமன்றத் தேர்தலில் கெடாவின் 36 தொகுதிகளில் 33 பெரிக்காத்தானுக்குப் போயின, பினாங்கை பக்காத்தானும் தேசிய முன்னணியும் தக்கவைத்தன. ஆற்றின் இரு கரையும் இரண்டு அணிகளின் கையில் என்பது அதோடு உறுதியானது.

விலை என்று பேச்சு வந்தால் எல்லோருக்கும் ஜொகூர்-சிங்கப்பூர் ஒப்பந்தம் நினைவுக்கு வரும். 1962-இல் எழுதியது, 1,000 கேலன் கச்சா நீருக்கு 3 சென் (100 சென் ஒரு ரிங்கிட்), நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை, 2061 வரை செல்லும். அந்த 3 சென் விலையைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனாலும் இரண்டு நாடுகள் கையெழுத்திட்ட தாள் ஒன்று அங்கே இருக்கிறது. ஒரே நாட்டின் இரண்டு மாநிலங்களுக்கு இடையே மூடாவுக்கு விலை எழுதிய அப்படியொரு தாள் இல்லை.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையைப் புரட்டினால் இன்னொன்று தெரியும். ஒரே மாநிலத்துக்குள் அடங்கிய ஆறுகளும், சம்பந்தப்பட்ட மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆறுகளும் போக, மீதி ஆறுகள் கூட்டரசுப் பட்டியலில் வருகின்றன. 2005 திருத்தத்தில் குடிநீர் விநியோகமும் கூட்டரசும் மாநிலமும் பகிரும் பட்டியலுக்கு மாறியது. அதாவது தீர்க்கும் அதிகாரம் கூட்டரசு அரசாங்கம் இருக்கும் புத்ராஜெயாவின் கையில் அச்சடித்தே இருக்கிறது. ஓட்டு எண்ணுபவர்கள் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

மேடையில் சொல்லாத இன்னொரு செய்தி உண்டு. மூடா அணையும் பெடு அணையும் கட்டி முடிந்தது 1969-70 வாக்கில். மேல் மூடாவின் நீர் 6 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பப்பட்டு, வடக்கே ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேர் நெல் வயலுக்குப் போகிறது. நாட்டின் சோற்றுப் பானை அது, குறை சொல்ல முடியாது. கீழ் மூடாவை ஈடுகட்ட சிக் வட்டாரத்தில் பெரிஸ் அணை 2004-இல்தான் வந்தது. ஆக எங்கள் பக்கம் இறங்குவது வடக்கு எடுத்ததுபோக மிச்சம், அதில் பினாங்குக்குப் போவது எங்களைத் தாண்டிய மிச்சம். பங்கு எவ்வளவு, விலை எவ்வளவு என்று மேலே கேட்கிறார்கள், கீழே கேட்கிறார்கள். நடுவில் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் ஊரின் கேள்வி.

நான் கெடாக்காரன். காட்டைக் காப்பவனுக்கு ஈடு வேண்டும் என்ற வாதம் எனக்கு நியாயமாகவே படுகிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு 2019 முதல் கூட்டரசு ஒதுக்கும் தொகை அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டதன் அடையாளம்தான். ஆனால் விலை கேட்கிற கடைக்காரன் சரக்கையும் கொஞ்சம் முகர்ந்து பார்க்க வேண்டும். 2022 ஜூலை 4 அன்று குனோங் இனாஸ் மலையிலிருந்து மரமும் சேறுமாக இறங்கிய வெள்ளம் பாலிங்கின் கூப்பாங் பகுதியில் மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. கூப்பாங் ஆறு கெட்டிலில் சேர்கிறது, கெட்டில் மூடாவில் சேர்கிறது. அந்தச் சேற்றுக்கு யார் யாருக்கு பில் அனுப்புவது?

தவறான சந்தேகம்

இனி வழக்குக்கு வருகிறேன். முதல் நோட்டு ஒரு கார்த்திகை மாதம் தொடங்குகிறது. அந்த ஆண்டு குழாய்த் தண்ணீர் அடிக்கடி நின்றது. நிற்பதற்கு முந்தைய நாள் அல்லூர்ப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்த முடியாது, அப்படியொரு அழுகல் நாற்றம். தண்ணீர் திரும்பி வந்தால் குழாயில் நீச்சல் குளத்து வாடை. தாமானில் எல்லோரும் சொன்ன பதில் ஒன்றே: எண்ணெய் மில்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. செம்பனை மில்லின் பச்சைக் கழிவு சாதாரணப் பொருளல்ல. கொதிநிலைக்குச் சற்றுக் கீழான சூட்டில், புளித்த பழுப்புக் கஞ்சிபோல வெளியே வருவது. ஆற்றின் ஆக்சிஜனை அது எவ்வளவு தின்னும் என்பதை அளக்கும் கணக்கில், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் நிற்கும். வீட்டுச் சாக்கடை அதே கணக்கில் 200, 300தான். 1978-இல் விதி வந்தபோது ஆற்றில் விட 5,000 வரை அனுமதித்தார்கள், படிப்படியாக இறக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டில் ஒழுங்காக வேலை செய்த சட்டங்களில் அதுவும் ஒன்று என்று சொல்வேன். ஆனால் 25,000-ஐ 100 ஆக்குவது வரிசையாக வெட்டிய குளங்கள். காற்றில்லாத குளம், பாதிக் காற்றுக் குளம், காற்றுக் குளம் என்று வாரக்கணக்கில் நின்று நகர வேண்டும். அடியில் வண்டல் ஏறினால் குளத்தின் ஆழம் குறையும், நீர் நிற்கும் நாள்களும் குறையும். பெருமழை பெய்தால் கரை வழியும். எங்கள் மில் குளங்களின் கரை தாழ்ந்திருந்ததைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

ஆகவே முதல் புகார்க் கடிதம் எண்ணெய் மில்லைக் குறிவைத்தே போனது. எழுபது பேர் கையெழுத்து. மில் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, காப்பி கொடுத்து, ஆய்வறிக்கையை விரித்துக் காட்டியது. எல்லா எண்களும் வரம்புக்குள். நாங்கள் நம்பவில்லை. மாதிரி எடுத்த நாள் அவர்களுடையது, நாறிய நாள் எங்களுடையது. ஆனால் கையில் வேறு எதுவும் இல்லாமல் எழுந்து வந்தோம்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பன்னிரண்டு வயதில் வாளி தூக்கியவர், ஐம்பத்தைந்து வரை மரம் சீவியவர். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் நான் பாலத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது கடைக்குப் போகிற வழியில் பக்கத்தில் வந்து நின்றார்.

“கிராணியாரே, என்ன எழுதுறீங்க?”

“வாடைக்கா. எண்ணெய் மில் வாடை.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்தார். மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார்.

“இது எண்ணெய் மில் வாடை இல்ல. அது புளிச்ச வாடை, தொண்டையில நிக்கும். இது கூமுட்டை வாடை. அடியில பாருங்க, கண்ணு கரிக்குது. பாலுக்கு ஊத்துற அமோனியா. முப்பது வருசம் வாளியில மோந்த வாடையை நான் மறப்பனா?”

நான் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் இங்கே பதிய வேண்டும். செக்ரோலில் அவர் பெயருக்கு நேராக எத்தனை ஆயிரம் கட்டம் நிரப்பியிருப்பேன்! அவருடைய மூக்கு ஒரு கருவி என்று எனக்குத் தோன்ற மாதக்கணக்கு ஆயிற்று.

அந்த மாதங்களில் நடந்தது இது. தைப்பூசம் கழிந்தது. சுங்கைப் பட்டாணிக்குக் காவடி பார்க்கப் போய்த் திரும்பியபோது சாலையோரக் கித்தா மரங்கள் சிவந்து நின்றன. மாசியில் இலை கொட்டி மொட்டையாயின. மழை சுத்தமாக இல்லை, அல்லூர் முழங்காலுக்குக் கீழே போனது. தண்ணீர் குறையக் குறையக் கழிவின் வீச்சு ஏறவேண்டும். எண்ணெய் மில் முழு வேகத்தில் ஓடியது, குலை லாரிகள் இரவும் பகலும். ஆனால் மாசி, பங்குனி இரண்டு மாதமும் நோட்டின் நாலாவது கட்டத்தில் “இல்லை, இல்லை, இல்லை” என்றே விழுந்துகொண்டிருந்தது. சித்திரைக் கடைசியில் இலை தழைத்து மரம் சீவத் தொடங்கினார்கள். பத்தே நாளில் கூமுட்டை வாடை திரும்பியது.

நோட்டை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். காட்டியதும், “மரம் சீவாத மாசத்துல வாடை இல்லன்னா, வாடை மரத்தோட வந்ததுதானே? இதுக்கு எதுக்கு நோட்டு?” என்றார்.

மீன் தொட்டிச் சோதனை

மூக்கு போதாது, அலுவலகங்களுக்கு எண் வேண்டும். ஆய்வுக்கூடத்துக்குக் காசு இல்லை. என் பேரன் மீன் வளர்ப்பவன். தொட்டி நீரில் அமோனியா பார்க்க அவனிடம் ஒரு பெட்டி இருந்தது, மீன் கடையில் விற்பது. ஒரு சிறு கண்ணாடிக் குழாய், இரண்டு சொட்டுப் புட்டி, ஒரு நிற அட்டை. நீரை ஊற்றி, இரண்டு புட்டியிலும் சொட்டுகளை எண்ணி விட்டு, குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மஞ்சளாகவே நின்றால் அமோனியா இல்லை. பச்சை ஏற ஏற அளவு கூடுகிறது.

நான்கு இடத்தில் நீர் எடுத்தோம். எண்ணெய் மில்லுக்கு மேலே, மில்லுக்குக் கீழே, பால் ஆலையின் வாய்க்கால் சேருமிடத்துக்குக் கீழே, அல்லூர் ஆற்றில் விழுமிடத்தில். காலை ஆறரை மணி, கோயில் மணி அடிக்கும் நேரம். மினரல் தண்ணீர் போத்தல்களில் பிடித்து மார்க்கர் பேனாவால் எண் போட்டோம். முதல் குழாய் மஞ்சள். இரண்டாவதில் லேசான பச்சை என்று பேரன் சொன்னான், எனக்கு மஞ்சளாகவே பட்டது. மூன்றாவது ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்கவில்லை. சொட்டு விழுந்த இடத்திலேயே கரும்பச்சை சுருண்டு இறங்கியது. மினரல் தண்ணீரைக் கலந்து பத்தில் ஒன்றாக்கிப் பார்த்தோம், அப்போதும் அட்டையின் கடைசி நிறத்தைத் தொட்டது. நான்காவது நடுப்பச்சை.

இந்தச் சோதனைக்குக் குறைகள் உண்டு. மழைநாளில் மில் நீர் தேயிலைச் சாயம்போல வரும்போது நிறம் படிக்க முடியாது. கந்தகம் கலந்த நீரில் சொட்டு மருந்து சரியாக நடக்குமா என்பதும் கேள்விதான். நீதிமன்றத்துக்கு ஆகாது. ஆனால் எந்த வாய்க்கால் என்று சுட்ட அது போதும்.

அறிவியல் எளிது. கறந்த பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா சேர்ப்பார்கள். ஆலையில் கடைந்து செறிந்த பாலைப் பிரித்தபின் மிஞ்சும் நீர்த்த பாலிலும் கொஞ்சம் கித்தா இருக்கும், அதை உறையவைக்கக் கந்தக அமிலம் ஊற்றுவார்கள். ஆக வெளியே போகும் நீரில் அமோனியாவும் கந்தகமும் சேர்ந்தே போகின்றன. காற்றில்லாத குளத்தில் கிருமிகள் கந்தகத்தைக் கூமுட்டை வாயுவாக மாற்றிவிடும். அக்கா சொன்ன இரண்டு வாடையும் அதுதான்.

குழாய் நின்றதற்கும் காரணம் அங்கேயே இருந்தது. கச்சா நீரில் அமோனியாவுக்கு இந்நாட்டு வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அமோனியா இருந்தால் கிருமி கொல்லப் போடும் குளோரினை அது விழுங்கிவிடும். ஒரு பங்கு அமோனியா நைட்ரஜனை முறிக்க எட்டு, பத்துப் பங்கு குளோரின் கொட்ட வேண்டும். அதனால்தான் நீச்சல் குளத்து வாடை. அதற்கும் மேலே போனால் நிலையத்தையே நிறுத்துவதைத் தவிர வழி இல்லை. பால் ஆலை வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட வரம்போ இந்த 1.5-ஐப்போல் பல மடங்கு. ஆறு நிறைய ஓடினால் அது கரைந்துபோகும் என்ற நம்பிக்கையில் போட்ட வரம்பு. ஆறு நிறைய ஓடவில்லை என்றால், ஆலை சட்டத்தை மீறாமலே ஊர்க் குழாயை நிறுத்த முடியும்.

மேல் மூடாவின் தண்ணீர் எங்கே போகிறது என்ற பெரிய கேள்வியும் எங்கள் பன்னிரண்டடி அல்லூரும் சந்திக்கும் புள்ளி இதுதான். தண்ணீர் குறைவதும் தண்ணீர் கெடுவதும் தனித்தனிக் கோப்பு என்றுதான் அலுவலகங்கள் நினைக்கின்றன. ஆற்றுக்கு இரண்டும் ஒரே கணக்கு.

நோட்டை மறுபடி புரட்டியபோது எண்ணெய் மில்லும் தப்பவில்லை. மழை பெய்த இரவுகளுக்கு மறுநாள் காலை “பழுப்பு, புளிப்பு, எண்ணெய்ப் படலம்” என்ற பதிவுகள் தனிக் கூட்டமாக நின்றன. வெயில் நாளில் சாம்பல் நிறமும் கூமுட்டையும், மழை நாளில் பழுப்பும் புளிப்பும். இரண்டு குற்றத்தை ஒரே ஆள் தலையில் கட்டியதால் இரண்டு பேரும் தப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

கதவு கதவாக

இந்தப் பகுதியை நீட்ட மனமில்லை, படிப்பவருக்கும் பழகிய கதை. ஆலைக் கழிவுக்கு ஓர் அலுவலகம், ஆற்றின் கரைக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, ஆலை உரிமத்துக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று. ஒவ்வொருவரும் மரியாதையாகவே பேசினார்கள், ஒவ்வொருவரின் எல்லையும் அல்லூருக்கு ஒரு முழம் முன்னால் முடிந்தது. ஓரிடத்தில், தண்ணீர்ப் பற்றாக்குறைக்குப் பினாங்கு அதிகம் எடுப்பதுதான் காரணம் என்று பாடம் நடத்தினார்கள். பினாங்கு எடுப்பது எங்களுக்குக் கீழே. கீழே எடுப்பவன் மேலே எப்படிக் குழாயை வற்றவைப்பான் என்று கேட்டேன். அது கொள்கை விஷயம் என்றார்கள்.

தேர்தல் வந்தபோது தண்ணீர் லாரிகள் வந்தன. மூன்று நிறக் கொடியோடு மூன்று லாரி. மக்கள் மூன்றிலும் தோங் (பீப்பாய்) நிரப்பிக்கொண்டார்கள், நானும்தான்.

நிலைமை நகர்ந்தது இரண்டு பேரால். கீழே கம்பத்தில் (மலாய்க் கிராமத்தில்) கெளுத்தி மீன் குளம் வைத்திருக்கும் மலாய்க்காரர் ஒருவர் ஒரே இரவில் குளம் முழுதும் மீன் மிதந்ததைப் பார்த்துவிட்டு எங்களைத் தேடி வந்தார். தாமான் தமிழர் புகார் ஒரு பக்கமும் கம்பத்துப் புகார் ஒரு பக்கமுமாக அதுவரை தனித்தனியே போய்க்கொண்டிருந்தன. இரண்டு சங்கத்து முத்திரையும் ஒரே கடிதத்தில் விழுந்தபோது பதில் பத்து நாளில் வந்தது. இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, இந்த நாட்டில் வாழ்பவர்களுக்குப் புரியும்.

இன்னொருவர் ஓர் இளம் பெண் அதிகாரி. மேசையில் நோட்டை விரித்ததும் அவர் மற்றவர்கள்போல முதல் பக்கத்தோடு நிறுத்தவில்லை. அரை மணி நேரம் புரட்டினார். “பாச்சேக் (மாமா), இந்தக் கட்டத்தில் இலை படம் எதற்கு வரைந்திருக்கிறீர்கள்?” என்று மலாயில் கேட்டார். இலை கொட்டிய நாள் என்றேன். சிரித்துவிட்டு, மூன்று நோட்டையும் ஃபோட்டோஸ்டாட் எடுத்துக்கொள்ளலாமா என்றார். மாதிரி எடுக்க அவர்கள் வந்தது ஒரு வெயில் நாள் விடியற்காலை, முன்னறிவிப்பில்லாமல். எந்த நாள் வரவேண்டும் என்பதை நோட்டு சொல்லிவிட்டது.

ஒழுகும் பாதி

எழுதும்போதே இன்னொன்றைச் சேர்க்கவேண்டியிருக்கிறது. கெடாவில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீரில் பாதியளவு பில்லுக்கு வருவதே இல்லை. பழைய குழாய் ஒழுகலும் திருட்டும் பழுதான மீட்டரும் சேர்ந்த கணக்கு அது. தேசிய சராசரியே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பினாங்கில் சுமார் கால் பங்கு.

இந்தப் பாதி எப்படி இருக்கும் என்று ஒருநாள் அளந்து பார்த்தேன். தமிழ்ப்பள்ளி மதிலோரம் மாதக்கணக்கில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. நீர் புல்லுக்கடியில் ஓடி வடிகாலில் விழும் இடத்தில் பத்து லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தேன். நாற்பது விநாடியில் நிரம்பியது. நாளுக்கு 21,600 லிட்டர். தலைக்கு நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் செலவழிக்கும் நாட்டில், அது ஏறக்குறைய நூறு பேரின் தண்ணீர். அமோனியாவைத் தாண்டி, குளோரினைக் குடித்து, மின்சாரம் தின்று மேலேறி வந்த தண்ணீர், பள்ளி மதிலோரம் கோரைப்புல் வளர்த்துக்கொண்டிருந்தது. அந்தப் புல்லை ஆடு மேய்ந்தது என்பதையும் நேர்மையாகப் பதிகிறேன்.

ஆற்றுக்கு 50 மில்லியன் கேட்பதில் எனக்கு மறுப்பில்லை என்றேன். அது கிடைத்தால் எதற்கு என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அந்த வரியில் குழாய் மாற்றுவதற்கும் ஆலைக்குக் கீழே நிரந்தரமாக அமோனியா அளக்கும் கருவி வைப்பதற்கும் இடம் வேண்டும். கருவி காட்டும் எண் இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரத்தில் தெரியவேண்டும். பினாங்குக்கும் இதில் லாபம்தான். எங்கள் அல்லூரில் விழுவது கடைசியில் அவர்கள் எடுப்பிடத்தைத் தாண்டித்தான் கடலுக்குப் போகிறது. வெறும் கன அளவுக்கு விலை என்று மறுப்பவர்கள், நல்ல நீருக்குக் கூடுதல் விலை என்றால் பேச உட்காரலாம். என் ஊகம்தான்.

இப்போதைய நிலை

பால் ஆலைக்கு அபராதமா எச்சரிக்கையா என்பது எங்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. தெரிந்தது கண்ணால் பார்த்தது. இரண்டு குளத்தை வற்றவைத்து வண்டலை வாரினார்கள், ஒன்றில் காற்றுக் கலக்கும் துடுப்பு இயந்திரம் இறங்கியது. வெயில் நாள் பதிவுகளில் கூமுட்டை பாதிக்கும் கீழே போனது, மறையவில்லை. எண்ணெய் மில் கரையை இரண்டடி உயர்த்தியது. பெருமழை இரவுகளில் இன்னும் பழுப்பு வருகிறது. பள்ளி மதிலோரக் குழாயை வந்து அடைத்தார்கள், மூன்று வாரம் கழித்து ஐம்பது அடி தள்ளி ஒழுகியது. கெளுத்திக்காரர் குளத்தை மூடிவிட்டு வாழை நட்டிருக்கிறார்.

நான்காவது நோட்டு வாங்கியாயிற்று. அக்காவுக்கு இப்போது கண் சரியில்லை, மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரம் பாலத்துக்குக் கைபிடித்துக் கூட்டிவந்து நிறுத்தினேன். அவர் முகர்ந்து சொன்னார், நான் எழுதினேன். மணி ஆறு பத்து. நிறம், தெளிவு. வாடை, இல்லை. மழை, இல்லை. குழாய், இல்லை.

“என்ன எழுதினீங்க, படிங்க” என்றார். படித்தேன்.

“வாடையும் இல்ல, தண்ணியும் இல்லயா? அப்ப இன்னிக்கு அரைப் பேரா, முழுப் பேரா கிராணியாரே?”

அந்தக் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.